வென்டிலேட்டரா, எக்மோவா, இடமாற்றமா? நுரையீரல் கைவிடும்போது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு

சென்னையில் ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ. வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழும்: “எக்மோ போட்டா காப்பாத்திடலாமா டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் மருமகனாகவோ மச்சானாகவோ இருப்பார். பெற்ற பிள்ளை பேச முடியாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும். கேள்வியில் தப்பே இல்லை. அது வரும் நேரம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதற்குள் நோயாளி வென்டிலேட்டரில் பத்து, பன்னிரண்டு நாள் கழித்திருப்பார், நகை அடகுக்குப் போயிருக்கும். ஊரிலிருந்து யாரோ ஒரு சொந்தக்காரர் அன்றைக்குத்தான் போனில் “எக்மோன்னு ஒண்ணு இருக்காமே, கேட்டுப் பாருங்க” என்று சொல்லியிருப்பார்.

ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன். நுரையீரல் செயலிழந்த நோயாளிக்கு முன்னால் இருப்பவை நான்கைந்து வழிகள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, உடம்புக்கே திருப்பி அனுப்பும் மெஷினான எக்மோ அவற்றில் ஒன்று. எல்லாம் முயன்று தோற்ற பிறகு கடைசியாக எடுக்கும் ஆயுதம் என்று அதை நினைப்பதால்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. யாருக்கு அது உண்மையில் பயன்படுமோ, அவருக்கு அது முதல் வாரத்திலேயே வேண்டும்.

தமிழ்நாட்டில் எக்மோ என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது இரண்டு பெரிய இழப்புகளால். 2016 டிசம்பர் 4 மாலை முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயத் துடிப்பு நின்றபோது எக்மோவில் வைத்தார்கள், மறுநாள் இரவு மறைந்தார். 2020-இல் கோவிட் தொற்றோடு ஆகஸ்ட் 5 அன்று சேர்க்கப்பட்ட எஸ்.பி. பாலசுப்ரமணியம், பல வாரம் எக்மோவில் இருந்து செப்டம்பர் 25 அன்று மறைந்தார். அதனால் “எக்மோன்னு சொல்லிட்டாங்களா, அப்ப அவ்வளவுதான்” என்று சிலர் கையை விரிக்கிறார்கள். “எவ்வளவு செலவானாலும் அதைப் போடுங்க” என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே சிகிச்சை அல்ல. முதலாவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து வேலை செய்யும் வி.ஏ. எக்மோ, ரத்தத்தைச் சிரையில் எடுத்துத் தமனியில் திருப்பி விடும். இரண்டாவது வி.வி. எக்மோ, சிரையில் எடுத்துச் சிரைக்கே திருப்பும், நுரையீரலின் வேலையை மட்டும் பார்க்கும். நான் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. இதயம் நன்றாக அடிக்கிறது, நுரையீரல் மட்டும் நிரம்பி இறுகிப்போய்விட்டது என்ற நிலைமை அது.

சரி, முதல் வழியிலிருந்து வருவோம்: வென்டிலேட்டர், ஆனால் சரியாக நடத்தப்படும் வென்டிலேட்டர்.

இங்கேதான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பெரிய வித்தியாசம். கடுமையான நிமோனியா, ப்ளூ காய்ச்சல், எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்று எதில் ஆரம்பித்தாலும், இரண்டு நுரையீரலும் வீங்கி நீர் கோத்துவிட்டால் அதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். அந்த நிலையில் மெஷின் அதிகக் காற்றை அழுத்தித் தள்ளினால், கொஞ்சம் மிஞ்சியிருக்கும் நல்ல பகுதியும் கிழிபடும். 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்றை ஒவ்வொரு மூச்சிலும் கொடுத்தபோது சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தபோது 31 சதவீதம். புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. குமிழைத் திருப்பி அளவைக் குறைத்ததில் கிடைத்த உயிர்கள் அவை.

அதைவிடப் பெரிய பலன் குப்புறப் படுக்க வைப்பதில் இருக்கிறது. பிரான்சில் 466 நோயாளிகளை வைத்து நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே படுத்திருந்தவர்களில் 33 சதவீதம். ஐ.சி.யூ.வில் இவ்வளவு பலன் தரும் வேறு காரியம் அரிது. செலவும் இதற்கு அதிகம் இல்லை, வேண்டியது கைகள். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக் குழாயை விடாமல் பிடித்திருப்பார். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர். மானிட்டர் ஒயர், சிறுநீர்க் குழாய், கழுத்து லைன் எல்லாம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் தலைமாட்டில் இருப்பவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” எண்ணியதும் ஒரே அசைவில் புரட்டுவார்கள். ராத்திரி ஷிஃப்டில் ஆள் குறைவு என்பதற்காக இதைத் தள்ளிப்போடும் இடங்களும் உண்டு. அதனால்தான் எக்மோ பற்றிக் கேட்கும் குடும்பத்திடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: “குப்புறப் படுக்க வெச்சாங்களா? ஒரு தடவைக்கு எத்தனை மணி நேரம்?” இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு ‘முன்னேற்றம் இல்லை’ என்று விட்டிருந்தால், அந்த வழியை இன்னும் முயன்று பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூக்கு வழியாக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும் ஹைஃப்ளோவும், முகத்தில் மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் பைபாப் மாஸ்க்கும் இதற்கு முந்தைய படிகள். தொண்டையில் குழாய் போடாமல் மாஸ்க்கிலேயே ஓட்டிவிடலாம் என்று குடும்பம் ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் மூச்சு வாங்கி வாங்கித் தோள், கழுத்துத் தசையெல்லாம் இழுக்க ஆரம்பித்த பிறகும் பல நாள் மாஸ்க்கிலேயே வைத்திருப்பது நல்லதல்ல.

இப்போது எக்மோ. தொடையிடுக்கு வழியாகப் பெரிய சிரைக்குள் ஒரு குழாய், பெரும்பாலும் கழுத்து வழியாக இன்னொன்று. சாதாரண ட்ரிப்ஸ் ஊசியைக் கற்பனை செய்யாதீர்கள், இவை 6 முதல் 10 மி.மீ. குறுக்களவு உள்ளவை. பம்ப் நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தத்தை இழுத்து ஆக்ஸிஜனேட்டர் என்ற பெட்டிக்குள் தள்ளும். அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக் குழல்கள். குழலுக்குள் ஆக்ஸிஜன், வெளியே ரத்தம். கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி, ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் உடம்புக்குத் திரும்பும். கட்டிலருகே நின்று பார்த்தால் ஒரு குழாயில் ரத்தம் கறுஞ்சிவப்பாகவும் இன்னொன்றில் பளிச்சென்ற சிவப்பாகவும் ஓடும். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தால் நர்ஸ் உடனே ஆளைக் கூப்பிடுவார். ஷிஃப்ட் மாறும்போது டார்ச் அடித்து ஆக்ஸிஜனேட்டரின் மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பார்கள், கறுப்பாக ரத்தக்கட்டி படிந்திருக்கிறதா என்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்மோ நுரையீரலைக் குணப்படுத்தாது. முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுகிறோம். கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை, ஒட்டும்வரை காலை ஓய்வில் வைக்கிறது. எக்மோவும் அப்படித்தான். ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் வெளியிலிருந்து கிடைப்பதால் வென்டிலேட்டர் அழுத்தத்தைப் பெரிதும் குறைத்து நுரையீரலை ஓய்வில் விட முடிகிறது. ஆறக்கூடிய நோயாக இருந்தால் ஆறும், ஆறாத நோயென்றால் எத்தனை நாள் ஓடினாலும் ஆறாது. எனவே “எக்மோ போடலாமா?” என்று கேட்பதற்கு முன்னால் “இந்த நுரையீரல் ஆறுமா?” என்று கேட்க வேண்டும்.

எக்மோவின் பலனைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 2018-இல் வெளியான ஈயோலியா என்ற பன்னாட்டு ஆய்வில் 249 பேர். மிகக் கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே எக்மோ போட்டால் 60 நாளில் இறந்தவர்கள் 35 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம். கணக்கியல்படி இது உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத நூலிழை வித்தியாசம். ஆனால் வழக்கமான சிகிச்சைக் குழுவிலேயே 28 சதவீதம் பேர் நிலைமை மோசமாகி எக்மோவுக்கு மாற்றப்பட்டார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. தாமதமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. பிறகு 2020-இல் இந்த ஆய்வையும் இன்னொரு ஆய்வையும் சேர்த்து 429 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, 90 நாள் மரணம் எக்மோவில் 36, வழக்கமான சிகிச்சையில் 48 சதவீதம் என்று வந்தது. எனவே தகுந்த நோயாளிக்குப் பலன் உண்டு என்று நான் நம்புகிறேன். எக்மோ போட்ட பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

யார் தகுந்தவர்? ரத்த ஆக்ஸிஜனையும் கொடுக்கும் ஆக்ஸிஜன் அளவையும் வைத்துப் போடும் பி.எஃப். ரேஷியோ நல்ல நுரையீரலில் 400-க்கு மேல் இருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் அது 80-க்குக் கீழே ஆறு மணி நேரத்துக்கு மேலோ, 50-க்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேலோ நின்றால் எக்மோ யோசிக்கலாம் என்பது ஈயோலியாவின் அளவுகோல். வென்டிலேட்டரில் ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. ப்ளூ காய்ச்சலில் மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்த, பிரசவமாகி சில நாளே ஆன இளம்பெண், வென்டிலேட்டரில் மூன்றாவது நாள், மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கின்றன: தயங்கவே வேண்டாம், அன்றைக்கே எக்மோ மையத்தோடு பேச வேண்டும். எந்த மருந்துக்கும் அடங்காத ஆஸ்துமாவிலும் பலன் நல்லது. எக்மோ நோயாளிகளின் உலகப் பதிவேட்டில் அப்படிப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். மாறாக 72 வயது, பல வருஷமாக நுரையீரல் தழும்பேறி வீட்டிலேயே ஆக்ஸிஜனில் இருந்தவர், இப்போது கிட்னியும் போய்விட்டது, வென்டிலேட்டரில் பதினோராவது நாள் என்றால், எக்மோ அவருக்கு நாளைக் கூட்டலாம், வாழ்வைத் திருப்பித் தராது.

அதற்கு ஆகும் விலையும் கொஞ்சநஞ்சமல்ல. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம், மூளையில் கசிந்தால் அங்கேயே கதை முடிந்துபோகலாம். தொற்று வரலாம். ரத்தம் யூனிட் யூனிட்டாகத் தேவைப்படும், கொடுப்பவர்களைத் தேடி குடும்பம் அலைய நேரும். ஆக்ஸிஜனேட்டர் அடைத்துக்கொண்டால் புதிதாக மாற்ற வேண்டும், அதற்குத் தனி பில். ஆரம்பத்தில் சில லட்சம், அப்புறம் ஐ.சி.யூ. கட்டணத்துக்கு மேல் தினசரிச் செலவு. இரண்டு மூன்று வாரம் ஓடுவது சகஜம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழக்கமான உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். நீண்டு போகும் எக்மோவுக்கு அது காணாது. நல்லபடியாக மீண்டு வந்தவர்களும் நடக்கப் பழகுவதற்கே வாரக்கணக்கில் பிசியோதெரபி செய்கிறார்கள். இதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் வழி. எக்மோ போடுவது ஒரு முடிவு, எக்மோ வசதியுள்ள இடத்துக்கு மாற்றுவது வேறொரு முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிட்டனில் 180 நோயாளிகளை வைத்து நடந்து 2009-இல் வெளியான சீசர் ஆய்வில், பாதிப் பேரை இருந்த இடத்திலேயே வைத்தார்கள், பாதிப் பேரை எக்மோ மையத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பெரிய ஊனம் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் மாற்றப்பட்ட குழுவில் 63 சதவீதம், மற்றதில் 47. மாற்றப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்குத்தான் எக்மோ போட நேர்ந்தது. மீதிப் பேரில் பலர் அங்கே நல்ல வென்டிலேட்டர் பராமரிப்பிலேயே தேறினார்கள்.

நம் ஊருக்கு இதன் பொருள் என்ன? செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ, ஏன் நகரத்துக்குள்ளேயே சின்ன நர்சிங் ஹோமிலோ நோயாளி இருக்கிறார், பி.எஃப். ரேஷியோ நாளுக்கு நாள் இறங்குகிறது என்றால், எக்மோ வேண்டுமா என்ற தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நாளிலேயே மாற்றுங்கள். பணம் இல்லாத குடும்பத்துக்கும் இது பொருந்தும். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மாதிரியான பெரிய அரசு மருத்துவமனைகளின் ஐ.சி.யூ.க்கள் இப்படிப்பட்ட நோயாளிகளை நிறையப் பார்த்தவை. கடன் வாங்கி, எக்மோ அதிகம் செய்து பழகாத ஒரு தனியார் இடத்தில் போடுவதைவிட, அங்கே முறையாகக் குப்புறப் படுக்க வைப்பது மேல் என்பது என் கருத்து. எக்மோவில் கைப்பழக்கம் உயிர் காக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 20 பேருக்காவது செய்யும் மையமாக இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். “போன வருஷம் எத்தனை பேருக்கு நுரையீரல் எக்மோ போட்டீங்க, எத்தனை பேர் வீட்டுக்குப் போனாங்க?” என்று கேட்கத் தயங்காதீர்கள். நேர்மையான மையம் கோபித்துக்கொள்ளாது.

இடையில் இன்னொரு பெயரும் காதில் விழலாம்: கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் வெளியேற்றும் சின்ன மெஷின். மெல்லிய குழாய், குறைந்த ரத்த ஓட்டம் என்று கேட்க நன்றாக இருக்கும். பிரிட்டனில் 412 நோயாளிகளிடம் பார்த்ததில் 90 நாள் மரணம் அதில் 41.5, வழக்கமான சிகிச்சையில் 39.5 சதவீதம். பலன் தெரியவில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஸுக்கு அதை யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வேறு கணக்கு. நாட்டிலேயே அதற்குப் பெயர்பெற்ற ஊர் சென்னை. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத் திட்டம் 2008-இல் தொடங்கியது, இப்போது மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் வரிசைப்படிதான் உறுப்பு கிடைக்கும். நுரையீரல் மீளவே மீளாது என்று தெளிவான பிறகு, எக்மோவில் இருந்தபடியே மாற்றுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் அந்தத் தீர்மானத்துக்குப் பொதுவாக நான்கு வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், அதற்குள் மெல்லத் தேறுகிற நுரையீரல்களும் உண்டு. வயது, மற்ற உறுப்புகளின் நிலை, விழிப்பாக இருந்து உடற்பயிற்சி செய்யும் தெம்பு எல்லாம் பார்ப்பார்கள். “எக்மோ போடுவோம், சரியாகலேன்னா மாத்து ஆபரேஷன்” என்று யாராவது எளிதாகச் சொன்னால், இந்த நோயாளி அந்தப் பட்டியலில் சேரத் தகுதியானவரா என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். தகுதியில்லை என்றால் அந்த இரண்டாவது வழி அவருக்கு இல்லை.

மிச்சமிருப்பது யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் வழி: எக்மோ வேண்டாம், அல்லது போட்டதை நிறுத்தலாம். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, “உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க சார்” என்று கேட்கும்போது, சிலருக்கு நான் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். மூச்சுத்திணறலும் வலியும் தெரியாமல் மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருப்பதும் சிகிச்சைதான். அதைத் தேர்ந்தெடுத்த பிள்ளை அப்பாவைக் கைவிட்ட பிள்ளை ஆகாது. பயனில்லாத உயிர்காப்பு சிகிச்சையை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் வழி காட்டியது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இரண்டாவது குழு, நோயாளியால் பேச முடியாதபோது குடும்பத்தின் சம்மதம் என்று அதற்கு முறை இருக்கிறது.

எக்மோ போடத் தீர்மானித்தால், அதே பேச்சில் ஒரு தேதியையும் பேசிவிடுங்கள். பத்து நாள், பதினான்கு நாள் என்று மருத்துவர் சொல்லும் தேதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து, நுரையீரல் காற்றை ஏற்க ஆரம்பித்திருக்கிறதா, மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, மற்ற உறுப்புகள் எப்படி என்று பார்த்துத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவரிடம் பேச ஒரே ஆளை நியமியுங்கள். காலையில் அண்ணன், சாயங்காலம் சித்தப்பா என்று மாறி மாறிப் போனால் ஆளுக்கொரு செய்தியோடு வந்து வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

மாற்றுவதாக முடிவானால், ஆம்புலன்ஸ் கூப்பிடும் முன்னால் இரண்டு ஐ.சி.யூ. மருத்துவர்களும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசியிருக்க வேண்டும், அங்கே கட்டில் உறுதியாகியிருக்க வேண்டும். தொண்டையில் குழாய் போட்ட தேதி, கடைசி இரண்டு நாளின் ஏ.பி.ஜி. (ரத்தத்தில் ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு அளவு பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டுகள், எத்தனை மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள் என்ற குறிப்பு, சி.டி. ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க், என்ன கிருமி என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட், கொடுக்கும் மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆக்ஸிஜன் 100 சதவீதத்தில் வைத்தும் நிலைமை தாங்காதவரைச் சாதாரண ஆம்புலன்ஸில் கிளப்பாதீர்கள். சில எக்மோ குழுக்கள் நோயாளி இருக்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து, அங்கேயே குழாய் போட்டு, மெஷினோடு கூட்டிப்போகும். அந்த வசதி உண்டா என்பதை முதல் போனிலேயே கேளுங்கள்.